90-ல் ஆடும்... 100-ல் அடங்கும்... ஸ்டீயரிங் நடுக்கம் சொல்ல வருவது என்ன?

தாம்பரத்தில் வசிக்கும் அந்தக் குடும்பத்துக்குச் சொந்த ஊர் லால்குடி பக்கம். மாதம் ஒருமுறையாவது சொந்தக் காரில் ஊருக்குப் போய்விடுவார்கள். அப்பா வண்டி ஓட்ட, அம்மா பக்கத்தில். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளும் அப்பாயியும். ஆறு வருடங்களாக ஓடும் கார் அது, ஒருநாளும் வழியில் படுத்தது இல்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு போன முதல் பயணத்தில்தான் அது தொடங்கியது. மேல்மருவத்தூர் தாண்டி வேகம் 85-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் மெள்ள நடுங்கியது. 90-ல் கை மரத்துப்போகிற அளவுக்கு ஆட்டம். பயந்துபோய் வேகத்தைக் குறைத்தால் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து 100-க்குப் போனபோதும் ஆட்டம் இல்லை. திண்டிவனம் வரை ஒன்றுமே இல்லை. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் மறுபடி வந்தது.

சென்னை திரும்பியதும் டயர் கடைக்குப் போனார்கள். அலைன்மென்ட் பார்த்தார்கள், பேலன்சிங் செய்தார்கள். "எல்லாம் ஜீரோ காட்டுது சார், இனிமே வராது" என்றார் கடைக்காரர். நகரத்துக்குள் 90-ல் ஓட்டிப் பார்க்க வழி ஏது? அடுத்த மாதப் பயணத்தில், அதே மேல்மருவத்தூர் தாண்டி, அதே ஆட்டம்.

அடுத்தது சர்வீஸ் சென்டர். அங்கே ஓட்டிப் பார்த்தவருக்கு ஆட்டம் தெரியவில்லை. இருந்தாலும், "முன்னாடி லோயர் ஆர்ம் ரெண்டும் மாத்திடலாம், டிஸ்க்கும் மாத்திட்டா நல்லது" என்று ஐந்து இலக்கத்தில் ஒரு எஸ்டிமேட் நீட்டினார்கள். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று வழக்கமான சர்வீஸை மட்டும் முடித்துக்கொண்டு வந்துவிட்டார் அந்த அப்பா.

கார் வைத்திருக்கும் பல வீடுகளில் இந்தக் கதையின் ஏதோ ஓர் அத்தியாயம் நடந்திருக்கும். நெடுஞ்சாலையில் மட்டும் வந்து, மெக்கானிக் முன்னால் ஒளிந்துகொள்ளும் இந்த நடுக்கத்தை எப்படிப் பிடிப்பது?

ஏன் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும்?

ஊஞ்சல் ஆட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஊஞ்சல் திரும்பி வரும் சரியான நேரத்தில் ஒரு விரலால் தள்ளினாலே போதும், உயர உயரப் போகும். நேரம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஆடாது.

காரின் சக்கரமும் அதைத் தாங்கும் சஸ்பென்ஷனும் அப்படி ஓர் ஊஞ்சல்தான். நொடிக்குச் சுமார் 10 முதல் 15 முறை ஆடுவது அதற்கு இயல்பான தாளம். சிறிய கார்களில் பரவலாக இருக்கும் 185/65 ஆர்15 அளவு டயரின் சுற்றளவு கிட்டத்தட்ட 1.95 மீட்டர். மணிக்கு 100 கி.மீ வேகத்தில் அது நொடிக்கு 14 முறை சுற்றும். 90 கி.மீ என்றால் 13 முறை. அதாவது, நெடுஞ்சாலை வேகத்தில்தான் சக்கரத்தின் சுற்றும் சஸ்பென்ஷனின் தாளமும் ஒன்றோடு ஒன்று பொருந்துகின்றன.

அப்போது சக்கரத்தில் ஒரு சின்னக் குறை இருந்தால் போதும். ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை எடை. 100 கி.மீ வேகத்தில் அந்த 30 கிராம் சக்கரத்தை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை, சுமார் நாலரை கிலோ எடைக்குச் சமம். நாலரை கிலோ அரிசிப் பை ஒன்று, நொடிக்கு 14 முறை மேலும் கீழும் முன்னும் பின்னும் சக்கரத்தைப் பிடித்து இழுத்தால் எப்படி இருக்கும்? அதே 30 கிராம், 50 கி.மீ வேகத்தில் அதில் கால் பங்குதான் இழுக்கும். அதனால்தான் ஊருக்குள் ஒன்றும் தெரிவதில்லை.

தாளம் பொருந்தும் வேகத்தைத் தாண்டிவிட்டால் ஆட்டம் குறைந்த மாதிரி இருக்கும். 'இன்னும் கொஞ்சம் அழுத்தினா சரியாயிடுது' என்று பலர் வேகத்தைக் கூட்டுவது இதனால்தான். குறை அப்படியேதான் இருக்கிறது. கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரே வேகத்தில் போனாலும் வந்து வந்து போகிறதே?

இதற்குப் பல காரணங்கள் உண்டு. முக்கியமானவற்றைப் பார்க்கலாம்.

இடது சக்கரமும் வலது சக்கரமும் எப்போதும் ஒரே அளவில் சுற்றுவதில்லை. காற்றழுத்தம், தேய்மானம், சாலையின் சரிவு, வளைவு என ஏதோ ஒன்றால் சின்ன வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும். இரண்டு சக்கரங்களிலும் கொஞ்சம் குறை இருந்தால், இரண்டின் கனமான பகுதிகளும் சில நேரம் ஒத்துப்போகும், சில நேரம் எதிரெதிராக இருக்கும். ஒத்துப்போகும்போது நடுக்கம் கூடும். எதிரெதிராக வரும்போது மாறும் அல்லது அடங்கும். 300 சுற்றுக்கு ஒரு சுற்று வித்தியாசம் என்றாலே, நெடுஞ்சாலை வேகத்தில் சுமார் 20 நொடிக்கு ஒருமுறை ஆட்டம் வந்து போகும். ஒரு வளைவு திரும்பியதும் நடுக்கம் காணாமல் போவதும் இதனால் நடக்கலாம்.

வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற காரின் டயர், தரையில் பதிந்த இடத்தில் கொஞ்சம் தட்டையாகிவிடும். புறப்பட்டதும் தடதடக்கும். சில கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் பெரும்பாலும் வட்டத்துக்குத் திரும்பிவிடும்.

மழையில் சேற்றுக்குள் இறங்கி ஏறிய காரில், ரிம்மின் உள்பக்கம் சேறு அப்பிக் காய்ந்துவிடும். வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. பாதி உதிர்ந்து பாதி ஒட்டியிருந்தால் அதுவே ஓர் எடைக்கல். வாட்டர் வாஷ் செய்ததும் நடுக்கம் நின்றுபோன கதைகள் இப்படித்தான் நடக்கின்றன.

பஞ்சருக்காக டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவத்தையும் மறக்கக் கூடாது. கார் நிற்கும்போது அது டயரின் அடிப்பகுதியில் தேங்கும். புறப்பட்ட பிறகு ஒரே சீராகப் பரவாவிட்டால் நடுக்கம் வரும். டயர் கடைக்காரரிடம் அதைச் சொல்லாமல் பேலன்சிங் செய்தால், ஒவ்வொரு முறை சுற்றும்போதும் மெஷின் வேறு வேறு எண்ணைக் காட்டும்.

பிரேக் பிடிப்பான் ஒன்று முழுதாக விடாமல் உரசிக்கொண்டே இருந்தால், முதல் அரைமணி நேரம் ஒன்றும் தெரியாது. டிஸ்க் சூடேறிய பிறகுதான் நடுக்கம் தொடங்கும். நின்று டீ குடித்துவிட்டு வந்தால், ஆறிப்போய் ஒன்றும் நடக்காதது போல இருக்கும்.

எங்கே ஆடுகிறது, எப்போது ஆடுகிறது?

காய்ச்சல் என்று போனால் டாக்டர் முதலில் கேட்பது, 'எப்போ வருது, குளிர் இருக்கா, எங்கே வலி?' என்றுதான். கார் நடுக்கத்துக்கும் அதே கேள்விகள்தான். கார் ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். பக்கத்தில் இருப்பவர் ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம்.

* ஸ்டீயரிங்கில் ஆட்டம்: பெரும்பாலும் முன் சக்கரங்களில் குறை.
* ஸ்டீயரிங் அமைதி, சீட்டும் தரையும் நடுங்குகின்றன: பின் சக்கரங்களைச் சந்தேகப்படலாம். பின் சீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இது முதலில் தெரியும்.
* பிரேக் மிதித்தால் மட்டும் ஆட்டம்: பிரேக் டிஸ்க் ஒரே தடிமனாக இல்லை என்று அர்த்தம். மலைப்பாதையில் இறங்கி வந்த பிறகு இது அதிகமாகத் தெரியும்.
* ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ஆட்டம், காலை எடுத்ததும் நின்றுவிடுகிறது: டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். ஏற்றத்திலும், முழு லோடிலும் இது கூடும்.
* ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் ஆட்டம் தொடங்கி, கொஞ்ச தூரத்தில் அடங்குகிறது: டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
* வேகத்துக்கு ஏற்ப 'ஊ...' என்று ஓசை, வளைவில் ஓசை கூடுகிறது அல்லது குறைகிறது: வீல் பேரிங்.
* கார் நிற்கும்போதே, இன்ஜினை உறுமவிட்டால் ஆட்டம்: சக்கரத்தில் பிரச்னை இல்லை. இன்ஜின் மவுன்ட் பக்கம் பார்க்க வேண்டும்.
* டயர் கழற்றி மாட்டிய மறுநாளில் இருந்து ஆட்டம்: வீல் நட்டுகளை உடனே, அந்த இடத்திலேயே சோதிக்க வேண்டும்.

இதில் தேய்ந்த புஷ், டை ராட் எண்ட் போன்றவை பெரும்பாலும் தாமாக நடுக்கத்தை உண்டாக்குவது இல்லை. சக்கரத்தில் இருக்கும் சின்னக் குறையைப் பெரிதாக்கிக் கைக்குக் கொண்டுவருகின்றன. அதனால், அவற்றை மட்டும் மாற்றினால் ஆட்டம் கொஞ்சம் குறையும். சில மாதங்களில் திரும்ப வரும்.

அலைன்மென்ட் வேறு... பேலன்சிங் வேறு!

இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகியதால், ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அலைன்மென்ட் என்பது நான்கு சக்கரங்களும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைச் சரிசெய்வது. அது தப்பினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். நடுக்கம் நேரடியாக அதனால் வருவது அபூர்வம். பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடை சுற்றிலும் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்து, குறையும் இடத்தில் சின்ன எடைக்கட்டியை வைப்பது. 90-ல் நடுங்கும் காருக்கு முதலில் பார்க்க வேண்டியது பேலன்சிங்.

ஆனால், பேலன்சிங் மெஷின் காட்டும் 'ஜீரோ'வுக்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரண மெஷின் எடையைத்தான் பார்க்கும். வடிவத்தைப் பார்க்காது. ரிம் லேசாக வளைந்திருந்தாலோ, டயர் ஓர் இடத்தில் வீங்கியிருந்தாலோ, அதற்கும் எடை வைத்து ஜீரோ கொண்டுவந்துவிட முடியும். எடை சரியாகிவிடும். ஆனால், சாலையில் காரின் பாரத்தோடு உருளும்போது அந்த வீக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தரையில் இடித்துக்கொண்டே இருக்கும்.

அதனால் பேலன்சிங் செய்யும்போது பக்கத்தில் நின்று இவற்றைக் கவனிப்பது நல்லது.

* நான்கு சக்கரங்களையும் பார்க்கிறார்களா, முன் இரண்டை மட்டுமா?
* பழைய எடைக்கட்டிகளையும் ஒட்டிய சேற்றையும் எடுத்துவிட்டுத் தொடங்குகிறார்களா?
* எடை வைத்த பிறகு மறுபடி ஒருமுறை சுற்றவிட்டு ஜீரோ வருகிறதா என்று பார்க்கிறார்களா?
* மெஷினில் சுற்றும்போது ரிம்மின் ஓரமும் டயரின் மேல்பரப்பும் அலைபாய்கின்றனவா? இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.
* காரில் திரும்ப மாட்டும் முன் ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவைத் துடைக்கிறார்களா? அங்கே ஒரு துருச்செதில் இருந்தால்கூட சக்கரம் சாய்ந்து உட்காரும்.

வெளியில் வாங்கி மாட்டிய அலாய் வீல் என்றால் இன்னொன்றும் உண்டு. அதன் நடுத்துளை, காரின் ஹப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் இல்லாவிட்டால் சக்கரம் மையம் தப்பி உட்காரும். மெஷினில் ஜீரோ காட்டிய சக்கரம் காரில் ஆடும்.

செலவு குறைவானதில் இருந்து தொடங்குங்கள்

நடுக்கம் என்றதும் பெரிய எஸ்டிமேட்டுக்குப் போக வேண்டாம். இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் வழியிலேயே விடை கிடைத்துவிடும்.

1. காற்றும் கண்ணும்: டயர் ஆறியிருக்கும்போது, டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று வைக்கவும். டயரின் வெளிச்சுவர், உள்சுவர், மேல்பரப்பு மூன்றையும் டார்ச் அடித்துப் பார்க்கவும். வீக்கம், வெட்டு, ஓரிடத்தில் மட்டும் தேய்மானம் இருக்கிறதா? டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் வெடித்துப்போயிருக்கலாம்.

2. வீல் நட்டுகள்: எல்லா நட்டுகளும் இருக்கின்றனவா, ஒரே சீராக இறுகியிருக்கின்றனவா என்று பார்க்கவும். பல கடைகளில் ஏர் கன்னால் 'டர்ர்ர்' என்று ஒரே மூச்சில் முடுக்கிவிடுவார்கள். ஒன்று அளவுக்கு மேல் இறுகும், இன்னொன்று குறையும். நட்டுகளை எதிரெதிர் வரிசையில், காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு, டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குவதே முறை. சக்கரம் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கி.மீ ஓடிய பிறகு ஒருமுறை மறுபடி சோதிக்க வேண்டும்.

3. கழுவுதல்: ரிம்மின் உள்பக்கத்தைக் கேட்டு, பார்த்துக் கழுவச் சொல்லவும்.

4. பேலன்சிங்: மேலே சொன்னபடி, நான்கு சக்கரங்களுக்கும்.

5. முன்னும் பின்னும் மாற்றிப் பார்ப்பது: அதன் பிறகும் ஆட்டம் இருந்தால், முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாட்டி ஓட்டிப் பார்க்கவும். ஆட்டம் ஸ்டீயரிங்கில் இருந்து சீட்டுக்கு இடம் மாறினால், குறை அந்தச் சக்கரத்திலோ டயரிலோதான். இடம் மாறாமல் ஸ்டீயரிங்கிலேயே நின்றால், டிஸ்க், ஹப், பேரிங், சஸ்பென்ஷன் பக்கம் போகலாம். முன்பின் டயர்கள் ஒரே அளவாக இருக்கும் கார்களில் இதற்கு ஒரு பாகமும் வாங்க வேண்டாம். ஸ்டெப்னியை வைத்துச் சோதிக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை: பல கார்களில் ஸ்டெப்னி சிறியது, மணிக்கு 80 கி.மீ-க்கு மேல் ஓட்டக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

6. தூக்கி ஆட்டிப் பார்ப்பது: இது வொர்க்‌ஷாப்பில் செய்ய வேண்டியது. காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கடிகாரத்தின் 12-லும் 6-லும் பிடித்து ஆட்டுவார்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். 9-லும் 3-லும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் தெரிந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வீட்டில் காருக்கு அடியில் யாரும் போக வேண்டாம்.

7. டிஸ்க்கும் பிரேக்கும்: நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தியதும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். தொட வேண்டாம், சுட்டுவிடும். இடது, வலது இரண்டில் ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் உரசுகிறது. டிஸ்க்கின் தடிமன் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தால் கடைசல் பிடித்தே சரிசெய்யலாம். குறைந்துவிட்டால் மட்டும் மாற்ற வேண்டும்.

மெக்கானிக்கிடம் காரை விட்டுவிட்டு வராமல், ஆட்டம் வரும் சாலைக்கு அவரையும் கூட்டிப்போவது நல்லது. 'நடுங்குது' என்று சொல்வதைவிட, '85-ல் தொடங்கி 95 வரை, ஸ்டீயரிங்கில், பிரேக் பிடிக்காதபோதே' என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

இதற்கு மேல் ஓட்டக் கூடாது

எல்லா நடுக்கமும் ஆபத்தானது இல்லை. ஆனால், சிலவற்றுக்கு அடுத்த ஊர் வரை காத்திருக்கக் கூடாது.

* முன்பு 90-ல் வந்த ஆட்டம், இப்போது 70-ல், 60-ல் வருகிறது.
* ஆட்டம் நாளுக்கு நாள், கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் கூடுகிறது.
* ஆட்டத்தோடு 'டக் டக்' என்று தட்டும் ஓசை கேட்கிறது.
* மெதுவாகப் போகும்போதும் கார் நொண்டுவதுபோல இருக்கிறது.

இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால், பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஸ்டீயரிங்கை இரு கையால் நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைந்ததும் இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்ட வேண்டும். ஓடும்போது இன்ஜினை ஒருபோதும் அணைக்கக் கூடாது. நிறுத்தியதும் எல்லோரும் இறங்கி, சாலையைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். பிறகு நட்டு, டயர் இரண்டையும் பார்க்கலாம்.

லால்குடியில் கிடைத்த விடை

தாம்பரம் குடும்பத்தின் மூன்றாவது பயணம். மேல்மருவத்தூர் வந்தது. 85, 90, 95... ஸ்டீயரிங் ஆடவே இல்லை! "சர்வீஸ் விட்டதுல சரியாயிடுச்சு போல. நல்லவேளை, அந்த எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டல" என்று அப்பாவுக்கு ஒரே நிம்மதி.

திண்டிவனம் தாண்டியதும் பின் சீட்டில் இருந்து அப்பாயியின் குரல். "தம்பி, எனக்குக் கீழ என்னமோ கிடுகிடுன்னு ஆடுதுடா."

"ரோடு அப்படிம்மா."

உளுந்தூர்பேட்டை தாண்டி மறுபடி சொன்னார். "முன்னைக்கு இப்ப அதிகமா ஆடுதுப்பா. மெதுவா போறப்பவும் ஆடுது." "ஏங்க, அத்தை ரெண்டு தடவை சொல்லிட்டாங்க" என்றார் மனைவி. "வயசானவங்களுக்கு அப்படித்தான் தெரியும்" என்று பதில் வந்தது. ஸ்டீயரிங்தான் ஆடவில்லையே!

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும், தெரிந்த மெக்கானிக் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பேச்சுவாக்கில் கதையைச் சொல்லி, "இப்ப சரியாயிடுச்சுண்ணே" என்றார் அப்பா. திண்ணையில் இருந்த அப்பாயி விடவில்லை. "எங்க சரியாச்சு? எனக்குக் கீழ ஆடிக்கிட்டுதான் வந்துச்சு."

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சர்வீஸ்ல டயரை முன்ன பின்ன மாத்தினாங்களா தம்பி?"

பில்லை எடுத்துப் பார்த்தார்கள். 'டயர் ரொட்டேஷன்' என்று ஒரு வரி இருந்தது.

"அப்புறம் என்ன? சக்கரத்தோட சேர்ந்து நோவும் பின்னாடி போயிருக்கு. அம்மா சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

பின் இடது சக்கரத்தைத் தூக்கி, கையால் மெதுவாகச் சுற்றிவிட்டார். ஒரு குச்சியை டயருக்கு ஒரு நூல் தள்ளித் தரையில் நட்டு வைத்தார். முக்கால் சுற்று வரை குச்சியில் படாமல் சுற்றிய டயர், ஓர் இடத்தில் வந்து உரசியது. கையை வைத்துப் பார்த்தால், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மேல்பரப்பு புடைத்திருந்தது. டயருக்குள் ரப்பருக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன பட்டைகள் இருக்கும். அவை அந்த இடத்தில் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தன. மழையில் ஏதோ ஒரு பள்ளத்தில் வேகமாக விழுந்த அடியாக இருக்கலாம் என்றார் மெக்கானிக்.

பேலன்சிங் மெஷின் ஏன் ஜீரோ காட்டியது என்பது அப்போது புரிந்தது. எடையைச் சரிசெய்துவிட்டது. வீக்கம் அப்படியே இருந்திருக்கிறது. அன்றைக்கு 90-ல் மட்டும் தெரிந்த ஆட்டம் இப்போது மெதுவாகப் போகும்போதும் தெரிந்ததற்கு, பிரிவு பெரிதாகிக்கொண்டே வந்ததுதான் காரணம். இப்படிப் பிரிந்த டயர், வெயிலில், முழு லோடில், நெடுஞ்சாலை வேகத்தில் எப்போது வேண்டுமானாலும் மேல்பட்டை உரிந்து வெடிக்கலாம். அன்று காரில் ஐந்து பேர் இருந்தார்கள்.

லோயர் ஆர்ம் மாற்றவில்லை. டிஸ்க்கும் மாற்றவில்லை. பின்னால் இரண்டு புது டயர்கள், பேலன்சிங், அவ்வளவுதான். திரும்பும்போது விழுப்புரம் தாண்டி அப்பா முதலில் கேட்டது ஸ்டீயரிங்கிடம் இல்லை.

"அம்மா, இப்ப ஆடுதா?"

"இல்லப்பா. நீ ரோட்டைப் பாரு" என்றார் அப்பாயி.

அடுத்த முறை உங்கள் காரில் யாராவது 'என்னமோ ஆடுது' என்று சொன்னால், ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிட்டு இரண்டே கேள்விகள் கேளுங்கள். எங்கே ஆடுது? எப்போ ஆடுது? வந்து போகும் நடுக்கத்தைப் பிடிக்க, இந்த இரண்டு பதில்களைவிட நல்ல கருவி எந்த வொர்க்‌ஷாப்பிலும் இல்லை.

அடுத்த வாரம்: டிக்கியின் அடியில் தூங்கும் ஸ்டெப்னியை நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது?